நின்ற இடமும் வரைந்த காட்சியும்: குடியேற்ற நாடுகளில் ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியம்

நிலக்காட்சி ஓவியத்தில் முதலில் முடிவாவது ஓவியர் நிற்கும் இடம். மலை எவ்வளவு உயரமாகத் தெரியும், ஆறு எந்தப் பக்கம் வளையும், எந்தக் குடியிருப்பு மரத்துக்குப் பின்னால் மறையும் என்பதையெல்லாம் அந்த இடமே தீர்மானிக்கிறது. ஐரோப்பிய அரசுகளும் வணிகக் கும்பினிகளும் கைப்பற்றிய நாடுகளில் அந்த இடத்தை ஓவியருக்குத் திறந்துவிட்டது பெரும்பாலும் படைதான். பாதையைக் காட்டியவர், காவல் தந்தவர், தங்க இடம் கொடுத்தவர், முடிவில் படத்தை வாங்கியவர் ஆகியோரில் பலர் அந்தப் படையோடு தொடர்புடையவர்கள். இந்த ஓவியங்களின் அரசியல், படத்துக்குள் வரையப்பட்ட பொருளில் தேடப்படுவதைவிட, ஓவியர் நின்ற இடத்திலும் விட்டுவிட்ட பொருளிலும் தேடப்பட வேண்டும்.

இந்த மரபு ஆங்கிலேயர் தொடங்கியதன்று. வடகிழக்குப் பிரேசிலின் கரும்பு நிலங்களைப் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் பறித்தபோது, அங்கே ஆளுநராகச் சென்ற யோஹான் மௌரிட்ஸ் 1637-இல் ஃபிரான்ஸ் போஸ்ட் என்ற இளம் ஓவியரை உடன் அழைத்துச் சென்றார். அதே ஆண்டில் மௌரிட்ஸ் அனுப்பிய கப்பல்கள், அடிமைகளைத் தடையின்றிப் பெறுவதற்காக ஆப்பிரிக்கக் கரையிலுள்ள எல்மினா கோட்டையைப் பிடித்தன. போஸ்ட்டின் படங்களில் கரும்பாலையும் உண்டு, அதில் வேலை செய்யும் ஆப்பிரிக்கர்களும் உண்டு. ஆனால் அகன்ற வானத்தின் கீழ் அவர்கள் சிறு உருவங்களாக, அமைதியாக நடமாடுகிறார்கள். டச்சுக்காரர் 1654-இல் பிரேசிலை இழந்தனர். அதன் பிறகும் போஸ்ட் ஆலந்தில் இருந்துகொண்டே அந்த நாட்டை வரைந்து விற்றார். கைவிட்டுப்போன நிலமும் வரவேற்பறைச் சுவரில் உடைமையாகத் தொங்கியது.

ஆங்கிலேயரின் நிலக்காட்சிக் கலையும் நில அளவையும் ஒரே பள்ளியில் வளர்ந்தவை. இதற்குப் பால் சான்ட்பியின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று இல்லை. 1745-இல் ஸ்காட்லாந்தின் மலைநாட்டார் எழுப்பிய கலகம் அடக்கப்பட்ட பின், அந்த மலைநாட்டில் படை நடத்துவதற்கு ஏற்ற வரைபடம் இல்லை என்பதை அரசு உணர்ந்தது. 1747-இல் தொடங்கிய படைத்துறை நில அளவையில் வரைவாளராகச் சேர்ந்தவர் சான்ட்பி. பகலில் அரசுக்காக வரைபடமும், ஓய்வில் தனக்காக மலைக்காட்சியும் வரைந்து பழகிய அவர், பின்னாளில் ஆங்கிலேய நீர்வண்ண நிலக்காட்சியின் முன்னோடியாகப் போற்றப்பட்டார். செப்புத் தகட்டில் நீர்வண்ணத்தின் சாயலைக் கொண்டுவரும் அக்வாடின்ட் அச்சுமுறையை இங்கிலாந்தில் பரப்பியவரும் அவரே. 1768 முதல் 1796 வரை ஊலிச்சில் இருந்த அரச படைத்துறைக் கழகத்தில் தலைமை ஓவிய ஆசிரியராக இருந்தார். பீரங்கிப் படைக்கும் பொறியாளர் படைக்கும் செல்லவிருந்த இளைஞர்கள் அங்கே குன்றையும் ஆற்றையும் கோட்டையையும் கண்ணால் அளந்து வரையக் கற்றனர். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி 1809-இல் அடிஸ்கம்பில் தன் சொந்தப் படைப்பள்ளியை நிறுவியபோது அங்கும் ஓவியம் பாடமாயிற்று. எதிரியின் கோட்டையை வரையத் தெரிந்த அதிகாரிக்கு அதன் பலவீனமான மூலை எது என்பதும் தெரியும்.

படைத்துறையின் கண்ணோடு இன்னொரு கண்ணும் சேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தைப் பிடித்துக்கொண்ட ‘பிக்சரஸ்க்’ என்னும் அழகுக் கொள்கை அது. ‘படத்துக்கு ஏற்ற எழில்’ என்று அதைச் சொல்லலாம். பதினேழாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிளாட் லொரேன் வகுத்த அமைப்பே அதன் அடிப்படை: முன்னே ஓரத்தில் இருண்ட மரம், நடுவே நீரும் பழங்கட்டடமும், தொலைவில் ஒளியில் கரையும் மலை. வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் 1780-களிலும் 1790-களிலும் எழுதிய பயண நூல்கள் இதைப் படித்தவர்களின் பொழுதுபோக்காக மாற்றின. நல்ல நிலையில் உள்ள கட்டடத்தைவிட இடிந்த கட்டடமே படத்துக்கு எழில் தரும் என்றார் அவர். உழைக்கும் மனிதர் ஒழுக்க நோக்கில் மனத்துக்கு நிறைவு தரலாம். ஆனால் படத்தில் இருக்கவேண்டியவர் சும்மா நிற்பவரும் சாய்ந்திருப்பவருமே என்பதும் அவருடைய கருத்து. இங்கிலாந்தின் ஏரிக்கரையில் இது வெறும் ரசனை. உழவரிடமிருந்து நிலவரியைக் கறந்துகொண்டிருந்த ஒரு நாட்டில் அதே விதியைப் பின்பற்றினால், அந்த மண்ணின் மக்கள் வேலையற்றவர்களாகவும் அவர்களுடைய அரசர்கள் இடிபாடுகளை விட்டுச் சென்றவர்களாகவும் படமாகிறார்கள். ஓவியர் அப்படி நினைத்து வரைய வேண்டியதில்லை. விதியைப் பின்பற்றினாலே போதும்.

தென்னிந்தியாவில் இந்தக் கலையை முதலில் ஊன்றியவர்களில் ஒருவர் சென்னைப் படையின் அதிகாரியான ஃபிரான்சிஸ் ஸ்வெய்ன் வார்ட். வேலையை விட்டு இங்கிலாந்து திரும்பிய அவர், 1773-இல் இந்தியக் காட்சிகள் பத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிக் கும்பினி இயக்குநர்களுக்கு அளித்தார். அவருக்குப் படைப்பதவி மீண்டும் கிடைத்தது. ஓவியம் பதவிக்கு விலையாகக் கொடுக்கப்பட்ட நிகழ்ச்சி இது.

அடுத்து வந்த வில்லியம் ஹாட்ஜஸ் தொழில்முறை ஓவியர். 1772 முதல் 1775 வரை கேப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தில் பசிபிக் கடலைச் சுற்றியவர். 1780-இல் சென்னையில் இறங்கினார். அந்த ஜூலையில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் படை கர்நாடக நவாபின் சீமைக்குள் புகுந்தது. செப்டம்பரில் பொள்ளிலூரில் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படை அழிந்தது. நகரத்தைத் தாண்டி வெகுதூரம் செல்ல வழியில்லாமல், அடுத்த ஆண்டு ஹாட்ஜஸ் கல்கத்தாவுக்குச் சென்று தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸின் ஆதரவைப் பெற்றார். படை தோற்ற இடத்தில் ஓவியருக்கு நிற்க இடமில்லை என்பதற்கு அவருடைய சென்னை வாசம் நேரடிச் சாட்சி.

1781 ஆகஸ்டில் ஹேஸ்டிங்ஸ் காசிக்குச் சென்றபோது ஹாட்ஜஸும் உடன் இருந்தார். போர்ச் செலவுக்கென்று ஆண்டுதோறும் கேட்கப்பட்ட கூடுதல் பணத்தைக் கொடுக்கத் தயங்கிய காசி அரசர் சேத்சிங்குக்கு ஹேஸ்டிங்ஸ் 50 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க எண்ணியிருந்தார். அரசர் காவலில் வைக்கப்பட்டதும் நகரம் கொதித்தெழுந்தது. தலைமை ஆளுநர் இரவோடிரவாகச் சுனார் கோட்டைக்குத் தப்பினார். சில வாரங்களில் கலகம் அடக்கப்பட்டு, அரச குடும்பத்தின் செல்வம் இருந்த பிஜய்கட் கோட்டை வீழ்ந்தது. அந்தச் செல்வத்தைப் படையினர் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டனர். 1785 முதல் 1788 வரை வெளிவந்த ஹாட்ஜஸின் 48 அக்வாடின்ட் படங்களில் பிஜய்கட்டும் உண்டு. அது பாறைமேல் அமைந்த பழங்கோட்டையாகத் தெரிகிறது. கும்பினிக்குக் காணிக்கையாக்கப்பட்ட அந்தத் தொகுதி நிறைவுற்ற 1788-இல்தான் ஹேஸ்டிங்ஸ் மீதான குற்ற விசாரணை நாடாளுமன்றத்தில் தொடங்கியது. சேத்சிங்குக்கு இழைக்கப்பட்டது அதன் முதன்மைக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. வழக்கு மன்றத்தில் காசி நாடு கொள்ளையின் களமாக விவரிக்கப்பட்ட அதே காலத்தில், அச்சுப்படத்தில் அது எழில் கொஞ்சும் நாடாக விற்கப்பட்டது.

ஹாட்ஜஸ் கடந்த வங்காளமும் பீகாரும் 1770-ஆம் ஆண்டுப் பஞ்சத்திலிருந்து மீளாத நாடுகள். மக்களில் மூன்றில் ஒரு பங்கினராவது மாண்டனர் என்று 1772-இல் இயக்குநர்களுக்கு எழுதியவர் ஹேஸ்டிங்ஸே. கும்பினி ஆட்சிப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கு விலங்குகள் மட்டுமே வாழும் காடாகிவிட்டது என்று 1789-இல் தலைமை ஆளுநராக இருந்த காரன்வாலிஸ் குறித்தார். ஆகவே அக்காலப் படங்களில் ஆளரவமற்ற இயற்கையாகத் தோன்றும் புதர்வெளிகளில் சில, இருபது ஆண்டுகளுக்கு முன்பு உழவு நடந்த வயல்களாக இருந்திருக்கக்கூடும். இந்த ஒரு செய்தியை அறிந்தவர் அந்தப் படங்களைப் பழைய அமைதியோடு பார்க்க முடியாது.

ஹாட்ஜஸின் முடிவும் சொல்லப்பட வேண்டியது. நிலக்காட்சி கருத்தைச் சொல்லவும் வேண்டும் என்று நம்பிய அவர், 1794-இன் இறுதியில் லண்டனில் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். அவற்றில் இரண்டு ஒரே நிலத்தை அமைதிக் காலத்திலும் போருக்குப் பின்னும் காட்டின. பிரான்சுடன் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. காட்சியைப் பார்வையிட்ட யார்க் கோமகன், எளிய மக்கள் மனத்தில் இவை வேண்டாத எண்ணங்களை விதைக்கும் என்று கருதி அதை மூடச் செய்தார். ஹாட்ஜஸ் தூரிகையைக் கீழே வைத்தார். தொடங்கிய வங்கியும் முறிந்து, 1797-இல் இறந்தார். நிலக்காட்சியில் அரசியல் உண்டு என்பதை ஆளும் வட்டத்தார் நன்கு அறிந்திருந்தனர். தங்களுக்கு எதிராகப் பேசியபோதுதான் அதை அரசியல் என்று அழைத்தனர்.

மூன்றாம் மைசூர்ப் போர் இந்தக் கலைக்குப் பெரிய அறுவடைக்காலம். காரன்வாலிஸின் படையுடன் சென்ற ராபர்ட் ஹோம், ஹைதரின் மகன் திப்புவின் நாட்டுக் காட்சிகளை 1794-இல் நூலாக வெளியிட்டார். நில அளவையாளரான ராபர்ட் ஹைட் கோல்புரூக் மைசூர்க் காட்சிகள் பன்னிரண்டைப் பதிப்பித்தார். அவரே 1794-இல் வங்காளத்தின் தலைமை நில அளவையாளரானார். படை அதிகாரி அலெக்சாந்தர் ஆலனும் அதே ஆண்டில் தம் மைசூர்க் காட்சிகளை வெளியிட்டார். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது வெள்ளைக் கொடியுடன் அரண்மனைக்குச் சென்று திப்புவின் மகன்களைச் சரணடையச் செய்தவரும் அவரே. ஓவியர், அளவையாளர், போர்வீரர் என மூன்று பெயர் சொல்லப்படுகின்றனவே தவிர, பல வேளைகளில் மூவரும் ஒரே ஆள்.

அதே போர்களைப் பற்றி மறுபக்கத்தார் வரைந்த படமும் இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பொள்ளிலூர் வெற்றியைத் திப்பு தீட்டச் செய்தார். அதில் தொலைவு இல்லை, கரையும் ஒளி இல்லை. சுவர் முழுக்கக் குதிரைகளும் வாள்களும் மனிதர்களும் நெருக்கியடிக்கின்றனர். காயம்பட்ட பெய்லி பல்லக்கில் விரலைக் கடித்தபடி அமர்ந்திருக்கிறார். நடந்ததைப் பெயர் சொல்லி அறிவிக்கும் படம் அது. வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதில் அங்கே ஐயத்துக்கு இடமில்லை. ஆங்கிலேயரின் நிலக்காட்சி தன் வெற்றியை அப்படி அறிவிப்பதில்லை. வெற்றியை வானிலையைப்போல இயல்பானதாக்கிவிடுகிறது. அதன் வலிமை அங்கேதான் இருக்கிறது.

தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் இந்த வரலாற்றின் நடுநாயகர்கள். 1786-இல் கல்கத்தா வந்து, கார்வால் மலைவரை வட இந்தியாவைச் சுற்றி, 1792-இல் தங்கள் ஓவியங்களைக் குலுக்கல் சீட்டில் விற்றுத் தென்னகப் பயணத்துக்குப் பணம் திரட்டினர். காட்சியைக் கண்ணாடிவழிக் காகிதத்தில் விழச்செய்யும் காமிரா அப்ஸ்குரா கருவியையும் ஹாட்ஜஸின் அச்சுப்படங்களையும் உடன் வைத்திருந்தனர்; அவர் செய்த பிழைகளை நேரில் ஒப்பிட்டுத் திருத்தினர். அவர்கள் சென்னையில் இறங்கியது 1792 மார்ச் இறுதியில். அதே மாதம்தான் திப்பு தம் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் இரு மகன்களைப் பிணையாகவும் கொடுத்து உடன்பாட்டில் கையெழுத்திட்டிருந்தார். பாராமகாலும் திண்டுக்கல்லும் கும்பினிக்குக் கைமாறின. ஏப்ரலில் டேனியல்கள் புறப்பட்டது அந்தப் பாராமகாலை நோக்கி.

ராயக்கோட்டை, ஓசூர், ஜகதேவி, வீரபத்திரதுர்க்கம் ஆகிய மலைக்கோட்டைகள் அவர்களுடைய தொகுப்பில் இடம்பெற்றன. ராயக்கோட்டை 1791 ஜூலையில்தான் ஆங்கிலேயர் வசமாகியிருந்தது. இவற்றில் பார்வை அடிவாரத்திலிருந்து மேல்நோக்கிச் செல்கிறது. பார்ப்பவரின் கண் பாறையின் திண்மையிலும் உயரத்திலும் தங்குகிறது. இந்த வியப்பு பொய்யானதன்று. அந்தப் பாறைகளை இன்று நேரில் பார்ப்பவருக்கும் அது தோன்றும். ஆனால் லண்டனில் படத்தைப் பிரித்துப் பார்த்தவர், எட்ட முடியாததாகத் தோன்றும் அந்தக் கோட்டை யார் கையில் இருக்கிறது என்பதை அறிந்தவர். கோட்டை எவ்வளவு உயருமோ அவ்வளவு உயரும் அதைப் பிடித்தவரின் பெருமை.

தெற்கே மதுரை, பாபநாசம், குற்றாலம், களக்காடு வரை அவர்கள் சென்றனர். மதுரையில் புதுமண்டபத்தையும் திருமலை நாயக்கர் அரண்மனையின் இடிபாடுகளையும் வரைந்தனர். பாபநாச அருவியும் குற்றால அருவியும் களக்காட்டுப் பக்கத்திலிருந்து தெரியும் குமரிமுனை மலைகளும் அக்வாடின்ட் தகடுகளாயின. இங்கே ஒரு கால இடைவெளியைக் கவனிக்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் அவர்கள் வரைந்தபோது பாளையங்கள் உயிரோடு இருந்தன. பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் ஆண்டுகொண்டிருந்தார். அந்தக் காட்சிகள் லண்டனில் அச்சேறி வந்தது 1799-க்கும் 1801-க்கும் பிந்தி. அதற்குள் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது, மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர், கர்நாடக நவாபின் ஆட்சியே கும்பினியின் நேரடி ஆட்சியாகிவிட்டது. அருவி அப்படியே விழுந்துகொண்டிருந்தது. அருவியைத் தேர்ந்ததால் எதுவும் மாறாத நாடு ஒன்று வாங்குபவர் கையில் கிடைத்தது.

1795 முதல் 1808 வரை ஆறு பகுதிகளாக வெளிவந்த ‘ஓரியன்டல் சீனரி’யில் 144 படங்கள். முழுத் தொகுதியின் விலை 210 பவுண்டு. கும்பினியின் பங்குதாரர்களும் பிரபுக்களும் அதன் வாசகர்கள். அங்கிருந்து அந்தக் காட்சிகள் கீழிறங்கிப் பரவின: ஸ்டாஃபோர்ட்ஷயர் பீங்கான் தட்டுகளில் நீல வண்ணத்தில் அச்சாயின, பிரான்சின் ஸூபர் தொழிலகம் வெளியிட்ட ‘இந்துஸ்தான்’ சுவர்த்தாளுக்கு மூலமாயின. இதே தலைமுறையில் 1800-இல் ராபர்ட் கெர் போர்ட்டர் ஸ்ரீரங்கப்பட்டண வீழ்ச்சியை 120 அடி நீளத் திரையில் தீட்டிக் கட்டணம் வாங்கிக் காட்டினார். போர்த்திரை ஆரவாரத்துக்கு, நிலக்காட்சி அமைதிக்கு. ஒரே வெற்றிக்கு இரண்டும் தேவைப்பட்டன.

இந்தப் பணிக்குத் தோள் கொடுத்த இந்தியர்கள் எண்ணற்றோர். பல்லக்குச் சுமந்தவர், வழி காட்டியவர், இடத்தின் பெயரையும் கதையையும் சொன்னவர் இல்லாமல் ஒரு தகடும் உருவாகியிராது. அவர்களில் பெயர் பதிந்தவர்கள் மிகச் சிலர். மைசூர் வீழ்ந்ததும் அதன் நில அளவைக்குத் தலைமையேற்ற காலின் மெக்கன்சியின் துணைவர்களான காவலி வெங்கட போரையாவும் லட்சுமையாவும் அந்த அரிய விலக்கு. சென்னையில் 1794-இல் தொடங்கிய அளவைப் பள்ளி, இளம் பயிலுநர்களை இந்தப் பணிக்குத் தயார் செய்தது. இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் அங்கேதான் இருக்கிறது. மெக்கன்சியின் சேகரிப்பில் சேர்ந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வரைவுகளில் பல, இந்திய வரைவாளர்களும் இப்படிப் பயின்ற இளைஞர்களும் வரைந்தவை.

வேறு நாடுகளிலும் இதே போக்கு தெரிகிறது. கள்ள நோட்டுக் குற்றத்துக்காக 1814-இல் சிட்னிக்கு நாடுகடத்தப்பட்ட ஜோசஃப் லைசெட், 1824-25-இல் லண்டனில் ஆஸ்திரேலியக் காட்சிகளை வெளியிட்டார். குடியேற வருபவரை ஈர்க்கும் அந்த அச்சுநூலில் நிலம் பிரபுவின் பூங்காவைப்போல விரிந்து கிடக்கிறது. ஆனால் அவர் கையால் தீட்டி அச்சேறாமல் இருந்த நீர்வண்ணங்களில் ஆதிக்குடிகள் வேட்டையாடுகின்றனர், மீன் பிடிக்கின்றனர், புல்வெளிக்குத் தீ மூட்டுகின்றனர். பூங்காவைப்போன்ற அந்த வெளி, தலைமுறை தலைமுறையாக அவர்கள் மூட்டிய தீயால் பராமரிக்கப்பட்டது. லைசெட்டுக்கு அது தெரிந்திருந்தது. விற்பனை நூலுக்கு அது வேண்டியிருக்கவில்லை. ஜாவாவில், விளைநிலத்தின் ஒரு பகுதியில் டச்சு அரசுக்காகக் கரும்பும் அவுரியும் பயிரிடக் குடியானவர் கட்டாயப்படுத்தப்பட்ட வரலாற்றுக்குப் பின், எரிமலையும் தென்னையும் நெல்வயலும் மட்டுமே நிறைந்த ‘மூய் இண்டி’ என்னும் ‘அழகிய இந்தியத் தீவுகள்’ பாணி ஓவியங்கள் சந்தையை நிரப்பின. 1930-களின் இறுதியில் சுஜோயோனோ என்ற இந்தோனேசிய ஓவியர் அதை வெளிப்படையாகத் தாக்கினார். சுற்றுலாப் பயணிக்கும் டச்சு அதிகாரிக்கும் வேண்டிய நாட்டை வரைவதை விட்டு, தொழிற்சாலையையும் வறிய உழவரையும் வரையுமாறு தம் தலைமுறையைக் கேட்டுக்கொண்டார்.

இவ்வாறு படிப்பதை எல்லா அறிஞரும் ஏற்பதில்லை. ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர் பெர்னார்ட் ஸ்மித் 1960-இல் இந்த ஆய்வுக்கு வழிகோலினார். 1994-இல் டபிள்யூ. ஜே. டி. மிட்செல் நிலக்காட்சியைப் பேரரசின் ஆதிக்கத்தோடு நெருக்கமாகப் பிணைத்து எழுதினார். ஹாட்ஜஸைப் பற்றி விரிவாக எழுதிய ஜைல்ஸ் டில்லட்ஸன், கலை மரபின் விதிகளை உடனே ஆட்சியின் சதியாகக் கொள்ளக்கூடாது என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கையில் நியாயம் உண்டு. அதே விதிகள்தாம் வேல்ஸ் நாட்டுக்கும் இத்தாலிக்கும் பயன்பட்டன. டேனியல்கள் கூலிக்கு வரைந்த அரசு ஊழியர்களும் அல்லர். இன்று அழிந்துவிட்ட பல கட்டடங்களின் தோற்றம் அவர்களுடைய கூர்மையான கண்ணால்தான் எஞ்சியிருக்கிறது. அந்தக் கடனை மறுப்பது நன்றிகெட்ட செயல். ஆனால் ஓவியரின் நல்லெண்ணம் அவர் நின்ற இடத்தை மாற்றிவிடாது. வேல்ஸ் நாட்டைப் படத்தில் பார்த்த லண்டன்வாசி, அதை இயக்குநர் கூட்டத்தில் பங்கு ஈவாகக் கணக்கிடவில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் படங்கள் பாடநூல்களிலும் நாட்காட்டிகளிலும் அருங்காட்சியகச் சுவர்களிலும் ‘பழைய சென்னை’, ‘அன்றைய மதுரை’ என்ற தலைப்புகளில் தொடர்ந்து அச்சாகின்றன. அவற்றைப் பதிப்பிப்பவர்கள் ஒவ்வொரு படத்தின் கீழும் இரண்டு ஆண்டுகளைக் குறிக்க வேண்டும்: வரைந்த ஆண்டு, லண்டனில் அச்சான ஆண்டு. அந்த இரண்டுக்கும் நடுவே அந்த ஊர் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை ஒரு வரியில் சேர்க்க வேண்டும். பாபநாச அருவியின் படத்துக்குக் கீழே கயத்தாற்றின் பெயரும் இருக்கட்டும்.